டெல்மர் க்ரம்மின் இடுப்பில் இருந்தது

பள்ளிக்கூடத்துக்குக் காவல் நிற்கும் டெல்மர் க்ரம்மின் இடுப்பு உறையில் இருப்பது துப்பாக்கியே இல்லை என்ற வதந்தி பிக்கெட்ஸ் ரன் ஊருக்குள் எந்த வழியாக நுழைந்தது என்று யாருக்கும் தெரியாது. ட்வைலா போக்ஸின் சலூனுக்குள் அது நுழைந்தது, நன்றி நவிலும் நாளுக்கு மறுநாள், ஊரே மிச்ச வான்கோழியை ரொட்டிக்குள் வைத்துத் தின்றுகொண்டிருந்த வெள்ளிக்கிழமை. வில்மா ஷூப்பின் தலையோடு அது வந்தது. தலையில் சாயம் பூசி வெள்ளித்தாள் சுற்றியிருந்ததால், வில்மாவால் நாற்காலியை விட்டு அசைய முடியாது. வாய்க்கு அப்படி எந்தத் தடையும் இல்லை.

"சோப்புக் கட்டியில செதுக்கினதாம். கறுப்புப் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கானாம்."

முடி உலர்த்தும் சூடுகாற்று மூடிக்கு அடியில் உட்கார்ந்திருந்த இன்னொருத்தி தலையை வெளியே நீட்டினாள். "சோப்பு மழையில கரைஞ்சிடாதா? விளையாட்டுத் தண்ணித் துப்பாக்கின்னு என் நாத்தனார் சொன்னா."

"உன் நாத்தனார் தேர்தல் அன்னிக்கும்தான் என்னென்னமோ சொன்னா. ட்வைலா, நீ சொல்லு. போர்டுல இருக்கிறவ நீ. தெரியாமலா இருக்கும்?"

"ம்ம்," என்றாள் ட்வைலா.

இந்த "ம்ம்" பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஓஹையோவின் தென்கிழக்கு மூலையில், மலைகளுக்கு நடுவே இருக்கும் இந்த ஊரில் ஒரே ஒரு சலூன்தான். அதன் நாற்காலியில் எல்லாக் கட்சித் தலையும் வந்து உட்காரும். கத்திரிக்கோல் கையில் இருக்கும்போது கருத்து சொல்லக்கூடாது என்பதை ட்வைலா தொழிலுக்கு வந்த முதல் மாதமே கற்றுக்கொண்டாள். கருத்து சொன்னால் கை நடுங்கும், இல்லாவிட்டால் தலை திரும்பும். இரண்டில் எது நடந்தாலும் ஒரு காது போய்விடும். அதனால் எதற்கும் "ம்ம்". ஆமாம் என்று கேட்பவர்களுக்கு அது ஆமாம். இல்லை என்று கேட்பவர்களுக்கு அது இல்லை. இப்படியே பல வருஷம் வெட்டி, சுருட்டி, சாயம் பூசி, ஊரில் யாரோடும் மனத்தாங்கல் இல்லாமல், எதைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வராமல் வாழ்ந்துவிட்டாள். எண்ணெய்க் குழாய் போடும் வேலைக்காக டெக்சாஸில் கிடக்கும் கணவன் வாரம் ஒருமுறை போனில் பேசுவான். அவனுக்கும் பெரும்பாலும் "ம்ம்"தான்.

பள்ளிக்கூட போர்டுக்கு அவள் போட்டியிட்டது பேன் விஷயமாக. தலையில் பேன் இருந்தால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடும் விதியை மாற்ற வேண்டும் என்பது அவள் ஆசை. தன் வாழ்நாளில் அவள் சொன்ன ஒரே கருத்து அதுதான். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. ஜெயித்தாள். பேன் விதியும் மாறியது. அத்தோடு போர்டு வேலை முடிந்தது என்று நினைத்திருந்த நேரத்தில்தான் டெல்மர் விவகாரம் வந்து சேர்ந்தது.

பள்ளிக்கூடத்தில் துப்பாக்கியோடு ஒரு காவலரை வைத்துக்கொள்வதா, வேண்டாமா? டெல்மரின் ஒப்பந்தம் வருஷக் கடைசியோடு முடிகிறது. இன்னும் மூன்று வருஷம் நீட்டிக்கலாமா என்று அடுத்த வியாழன் மாலை ஓட்டு. போர்டில் ஐந்து பேர். இரண்டு பேர் வேண்டும் என்கிறார்கள். இரண்டு பேர் வேண்டாம், அந்தச் செலவில் பள்ளிக்கு முழுநேர நர்ஸ் வைக்கலாம் என்கிறார்கள். ஐந்தாவது ஆள் ட்வைலா. இரண்டு தரப்பும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பேசியிருக்கின்றன. இரண்டு தரப்பும் அவள் "ம்ம்" சொன்னதைக் கேட்டிருக்கின்றன. ஆகவே இரண்டு தரப்பும் மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்துவிட்ட நிம்மதியில் இருந்தன.

ட்வைலாவுக்குத்தான் நிம்மதி இல்லை. அவள் மகள் ரெமி அந்தப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இரவில் செய்தியில் எங்காவது ஒரு பள்ளிக்கூடத்தையும், அதைச் சுற்றி போலீஸின் மஞ்சள் நாடாவையும் காட்டும்போதெல்லாம், ட்வைலா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு டெல்மரின் இடுப்பை நினைத்துக்கொள்வாள். தூக்கம் வரும். இப்போது அந்த இடுப்பிலேயே சோப்புக்கட்டி என்கிறார்கள்.

சரிபார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். சொல்வது சுலபம். அந்த மாவட்டத்தில் ஒரு ஆணிடம் போய் உன் துப்பாக்கி நிஜமா என்று கேட்பது, உன் பல் சொந்தப் பல்லா என்று கேட்பதை விட மோசம். அதுவும் முப்பது வருஷம் ஷெரிஃப் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரிடம். ட்வைலா பதின்வயதில் அப்பாவின் டிரக்கைப் பள்ளத்தில் இறக்கியபோது வழக்குப் போடாமல் வீட்டில் கொண்டுவந்து விட்டவரிடம்.

திங்கட்கிழமை காலை பேன் சீப்பை எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள். மாதம் ஒருமுறை பிள்ளைகளின் தலையைப் பார்த்துக் கொடுப்பது அவள் வழக்கம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

நாள்தான் தப்பான நாள். மான் வேட்டை அன்றைக்குத் தொடங்குகிறது. வழக்கமாக அன்று பள்ளிக்கு விடுமுறை. கிறிஸ்துமஸை விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பார்கள், மான் திங்களை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இந்த வருஷம் வெள்ளத்தில் நிறைய நாள் போய்விட்டதால் போர்டு கூடி அந்த விடுமுறையை ரத்து செய்திருந்தது. ட்வைலாவும் கை தூக்கியிருந்தாள். விளைவு, அன்று காலை ஊரில் இருந்த ஆண்களுக்கெல்லாம் ஒரே மாதிரிக் காய்ச்சல். இரண்டு வாத்தியார்களுக்குக் காய்ச்சல். பஸ் ஓட்டுநருக்குக் காய்ச்சல். தலைமையாசிரியருக்கும்கூட இருமல் கலந்த காய்ச்சல் என்று முன் ஆபீஸில் இருக்கும் பெவ் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

டெல்மர் தன் அறையில் இருந்தார். அது உண்மையில் நர்ஸின் அறை. நர்ஸ் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவாள் என்பதால் மற்ற நாட்களில் அது அவருடையது. காய்ச்சல் பார்க்கும் கருவி, பல்லைப் பற்றிய படம், மேலே காகிதம் விரித்த ஒற்றைக் கட்டில், அதன் ஓரத்தில் கையில் காப்பியோடு அறுபது வயது போலீஸ்காரர்.

"வா ட்வைலா. என் உச்சந்தலையில ஒண்ணும் இருக்காது. பேனுக்கும் பிடிமானம் வேணும்ல."

ட்வைலா சிரித்தாள். கதவருகே நின்றாள். சீப்பைக் கை மாற்றினாள். "டெல்மர், ஊர்ல ஒரு பேச்சு அடிபடுது. நான் நம்பல. ஆனா வியாழக்கிழமை ஓட்டுப் போடணும், அதனால..."

"சோப்பா, தண்ணியா?"

"ரெண்டும் கேள்விப்பட்டேன்."

டெல்மர் காப்பியைக் கீழே வைத்தார். எழுந்து வந்து கதவைச் சாத்தினார். உறையின் மேல்பிடியைக் கட்டைவிரலால் அழுத்தித் திறந்து, உள்ளே இருந்ததை உருவிக் கட்டிலில் போட்டார். அது காகிதத்தின் மேல் விழுந்த சத்தம் ஒரு செருப்பு விழுந்த சத்தம் மாதிரி இருந்தது. ட்வைலாவுக்கு அந்தச் சத்தமே போதுமானதாக இருந்தது. ஆனாலும் தொட்டுப் பார்த்தாள். ரப்பர். போலீஸ் பயிற்சியில் ஒருவரை ஒருவர் பிடித்து மல்லுக்கட்டும்போது வைத்துக்கொள்ளும் ரப்பர் துப்பாக்கி. தூரத்திலிருந்து பார்த்தால் அதைச் செய்தவனுக்கே வித்தியாசம் தெரியாது.

"நிஜம் எங்க?"

"வீட்ல. பூட்டிய பெட்டிக்குள்ள."

"எப்போலேர்ந்து?"

"இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த புதுசுல இருந்து." டெல்மர் மறுபடி கட்டிலில் உட்கார்ந்தார். "இந்தச் சின்னதுங்க இருக்கே, பாலர் வகுப்பு, அதுங்களுக்கு என்னைப் பார்த்தா கட்டிப்பிடிக்கணும். வேண்டாம்னு சொன்னா அழுதுடும். அதுங்க உயரம் எவ்வளவு? சரியா இங்க." இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "ஒரு நாள் நாலஞ்சு சேர்ந்து ஓடிவந்து பிடிச்சுதுங்க. நான் மேல பார்த்து யாரோ ஒரு அம்மாகிட்ட பேசிட்டிருக்கேன். 'க்ளிக்'னு ஒரு சத்தம். கீழ பார்த்தா ஒரு குட்டிக் கை. உறையோட பிடியைத் திறந்துடுச்சு. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தா கையோட வந்திருக்கும்."

"கடவுளே. யாருக்கும் சொல்லலையா?"

"யாருக்குச் சொல்றது? உறையை மாத்துன்னு சொல்வாங்க. மாத்தினேன். இதுவும் திறக்குது. பிள்ளைங்களை அண்டவிடாதேன்னு சொல்வாங்க. அப்புறம் நான் எதுக்கு இங்க? முப்பது வருஷம் துப்பாக்கியோட சுத்தினேன் ட்வைலா. அதுல கேட்ட பெரிய சத்தம் எதுன்னு கேட்டா, அந்த 'க்ளிக்'தான்."

"அப்ப நிஜமா ஒருத்தன் வந்தா?"

டெல்மர் பதில் சொல்ல வாயெடுத்தார். சுவரில் இருந்த ஒலிபெருக்கி முந்திக்கொண்டது. பெவ்வின் குரல். எப்போதும் இழுத்து இழுத்துப் பேசும் பெவ், அன்று ஒவ்வொரு சொல்லையும் கடித்துத் துப்பினாள். "கதவைப் பூட்டுங்க. விளக்கை அணைங்க. இது ஒத்திகை இல்ல. ஒத்திகை இல்ல."

கட்டடம் முழுக்கக் கதவுகள் சாத்தும் சத்தம் ஓர் அலை மாதிரி போய், கடைசியில் நின்றது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகள் இருக்கும் கட்டடம் அத்தனை அமைதியாக இருக்கக்கூடாது.

டெல்மர் ஏற்கெனவே முன் ஆபீஸில் இருந்தார். ட்வைலா பின்னாலேயே ஓடினாள். பெவ் மேசைக்கு அடியில் உட்கார்ந்து ஒரு கையால் போனையும் மறு கையால் சிலுவையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். மேசை மேல் வாசல் கேமராவின் திரை. பூட்டிய வாசல் கதவுக்கு வெளியே ஒரு ஆள். தொப்பி முகத்தை மறைத்திருந்தது. தோளில் நீளமான துப்பாக்கி.

"ஷெரிஃப் ஆபீஸ்ல என்ன சொல்றாங்க?"

"எல்லாரும் மேட்டுப் பக்கம் போயிருக்காங்களாம். வேட்டைக்காரன் ஒருத்தன் மரத்திலேர்ந்து விழுந்துட்டானாம். வர கால் மணி ஆகுமாம்."

"ஆள் யாருன்னு தெரியுதா?"

"ஆரஞ்சு சட்டை போட்டிருக்கான்."

வேட்டைக்குப் போகிறவர்கள் ஆரஞ்சு போட வேண்டும் என்பது சட்டம். அன்றைக்கு அந்த மாவட்டத்தில் ஆரஞ்சு சட்டை போடாத ஆணைத்தான் அடையாளம் சொல்ல முடியும்.

ட்வைலாவின் கண் திரையில் இருந்தது. மனம் இடது பக்கத் தாழ்வாரத்தில், இரண்டாம் வகுப்பில், புத்தக அலமாரிக்குப் பின்னால் இருந்தது. இது ஊமை விளையாட்டு, யார் கடைசிவரை சத்தம் போடாமல் இருக்கிறார்களோ அவர்களுக்கு மிட்டாய் என்று அங்கே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ரெமி ஒருமுறைகூட அந்த மிட்டாயை வாங்கியதில்லை. அவளால் வாயை மூடவே முடியாது. பேசாதே கண்ணு, இன்னிக்கு மட்டும் பேசாதே, என்று ட்வைலா திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டெல்மர் நர்ஸ் அறைக்குத் திரும்பிப் போனார். வந்தபோது கையில் காப்பிக் கோப்பை இருந்தது. மற்றொரு கையால் ரப்பரை உறைக்குள் தள்ளி அழுத்தினார்.

"அது எதுக்கு?" என்றாள் ட்வைலா, பெவ்வுக்குக் கேட்காத குரலில்.

"இடுப்பு காலியா இருந்தா அவனுக்குத் தெரிஞ்சிடும்."

"காப்பி எதுக்கு?"

"கை நடுங்குது. எதையாச்சும் பிடிச்சுக்கணும்." கதவருகே போய்த் திரும்பினார். "நான் வெளியே போனதும் பூட்டிக்கோ. நான் தட்டினாலும் திறக்காதே. என்ன ஆனாலும்."

ட்வைலா பூட்டினாள். தன் கையாலேயே பூட்டினாள். பிறகு திரையின் முன்னால் வந்து நின்றாள். கேமராவுக்குக் காது கிடையாது. டெல்மரின் முதுகு தெரிந்தது. அவர் நேராக அந்த ஆளை நோக்கி நடந்தார். வழக்கமாகக் காலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எப்படி நடப்பாரோ அதே மாதிரி. கை நீட்டினால் தொடும் தூரத்தில் போய் நின்றார். ஆரஞ்சு ஆள் ஏதோ சொன்னான். டெல்மர் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனார், குடிக்கவில்லை. அந்த ஆள் வலது கையை மேல்சட்டைக்குள் விட்டான். ட்வைலா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரத்தில் அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. பின்னால் யார் கேட்டிருந்தாலும் அவள் ஒப்புக்கொண்டிருப்பாள், யாரும் கேட்கவில்லை: டெல்மரின் இடுப்பில் இருப்பது நிஜமாக இருந்திருக்கக்கூடாதா என்ற ஆசை.

கண்ணைத் திறந்தபோது அந்த ஆளின் கையில் ஒரு காகிதப் பை இருந்தது.

வெளியே என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை இருவருமே பின்னால் பலமுறை சொல்லிவிட்டார்கள். டெல்மர் கேட்டது: "கோல்பி, தோள்ல என்ன?" கல் குவாரியில் வேலை செய்யும் கோல்பி ஸ்டாம்பர் தன் தோளைத் திரும்பிப் பார்த்தான். ஏதோ பறவை வந்து உட்கார்ந்த மாதிரிப் பார்த்தான்.

"அட நாசமாப் போச்சு," என்றான். "பையன் ஈஸ்டன் சாப்பாட்டை விட்டுட்டு வந்துட்டான்னு அவங்கம்மா போன் பண்ணா. காட்டிலேர்ந்து அப்படியே வர்றேன். சத்தியமா இது மாட்டியிருக்கறதே தெரியல டெல்மர். பர்ஸ் மாதிரி ஆயிடுச்சு."

"தெரியும்டா. மெதுவா கழட்டு. கீழ வை. தள்ளி வந்து நில்லு. இன்னும் கொஞ்சம். அந்தப் பையை மட்டும் வச்சுக்கோ."

ஷெரிஃபின் வண்டிகள் வந்து, கோல்பியைத் தார்ச்சாலையில் குப்புறப் படுக்க வைத்து, எழுப்பி, உட்காரவைத்து, அழவிட்டு, கூட்டிக்கொண்டு போயின. வழக்கு நடக்கிறது. பையில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியும் போன வருஷத்து மானின் உலர்த்திய கறிக் குச்சியும் இருந்தன. ஈஸ்டன் சாப்பிட்டான்.

செவ்வாய்க்கிழமை டெல்மர் ஊருக்கு வீரராகிவிட்டார். பேக்கரியில் அவர் பேரில் டோனட் போட்டார்கள். வேண்டும் என்ற தரப்பு சொன்னது: பார்த்தீர்களா, துப்பாக்கியோடு ஒரு நல்ல மனிதர் இருந்ததால்தானே பிள்ளைகள் பிழைத்தார்கள்? வேண்டாம் என்ற தரப்பு சொன்னது: பார்த்தீர்களா, டெல்மர் மட்டும் துப்பாக்கியை உருவியிருந்தால் சாப்பாடு கொண்டுவந்த ஒரு அப்பன் செத்திருப்பானே? இரண்டு தரப்பும் ட்வைலாவின் நாற்காலியில் வந்து உட்கார்ந்து இதைச் சொல்லின. ட்வைலாவின் வாயில் "ம்ம்" வரவில்லை. முதல்முறையாக வில்மா ஷூப்பின் முன்நெற்றி மயிர் கோணலாகப் போனது.

புதன்கிழமை கடை மூடும் நேரத்துக்கு டெல்மர் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"சொல்லிடப் போறியா?"

"நீங்க சொல்லுங்க டெல்மர். உங்க வாயால சொன்னா நல்லாருக்கும்."

"சொன்னா அன்னிக்கே வேலை போயிடும். வேலையோட மருத்துவக் காப்பீடும் போயிடும். ஓப்பலுக்கு வாரம் மூணு தடவை ரத்தம் சுத்தம் பண்ணணும். அது இல்லாம அவ கிறிஸ்துமஸைப் பார்க்க மாட்டா." மனைவியைப் பற்றிப் பேசும்போதும் அவர் குரலில் கெஞ்சல் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பதைப் போலச் சொன்னார்.

"அப்ப நாளையிலேர்ந்து நிஜத்தை மாட்டுங்க."

"மாட்டிக்கறேன். உன் ரெமியும் என்னைக் கட்டிப்பிடிக்கறவதான். தினமும். இந்தப் பக்கமாத்தான் வந்து தொங்குவா." வலது இடுப்பைக் காட்டினார். "சரி, நீ சொல்லு. அம்மாவா சொல்லு, போர்டா சொல்ல வேண்டாம். எதை மாட்டட்டும்?"

ட்வைலா துடைப்பத்தை எடுத்துக் கீழே கிடந்த மயிரைக் கூட்டினாள். ஏற்கெனவே கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினாள்.

"பார்த்தியா," என்றார் டெல்மர். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வியாழன் மாலைக் கூட்டம் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில். மேசைகளை மடக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார்ந்தவர்களை விட நின்றவர்கள் அதிகம். "நன்றி டெல்மர்" என்று பிள்ளைகள் வண்ணம் தீட்டிய அட்டைகள். ஒரு அட்டையில் டெல்மர் கையில் கோப்பையோடும், கோப்பையை விடப் பெரிய துப்பாக்கியோடும் இருந்தார். முன்வரிசையில் அவரும், சக்கர நாற்காலியில் ஓப்பலும். ஓப்பல் உதட்டுச் சாயம் பூசியிருந்தாள். பின்வரிசையில் கோல்பி ஸ்டாம்பர், முகமெல்லாம் சிவந்து, தன்னைச் சுடாத மனிதருக்கு எல்லாரையும் விடச் சத்தமாகக் கைதட்டிக்கொண்டிருந்தான்.

காப்பீட்டு முகவரும் போர்டு தலைவருமான ராய்ஸ் எடிங்டன் சுத்தியலைத் தட்டினார். பேச வேண்டியவர்கள் பேசினார்கள். ஒரு வாத்தியாரம்மா, தன் வகுப்பில் ஒரு பிள்ளை திங்கட்கிழமையிலிருந்து அலமாரியை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறது, அதற்கு நர்ஸாவது, மனநல ஆளாவது வேண்டும் என்றாள். யாரோ ஒருவர், உயிரோடு இருந்தால்தானே நர்ஸ் என்றார். கூடம் இரண்டாகப் பிளந்து கத்தியது. சுத்தியல். பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆங்கில அகர வரிசைப்படி போக்ஸ்தான் முதல். ட்வைலா, மற்றவர்கள் முதலில் போடட்டும் என்றாள். அதற்கு விதியில் இடம் உண்டு. மற்றவர்கள் போட்டார்கள். இரண்டுக்கு இரண்டு. எல்லாரும் எதிர்பார்த்ததுதான். பிறகு கூடம் முழுக்க அவளைப் பார்த்தது. அத்தனை தலைகளும் அவள் வெட்டிய தலைகள்.

"டெல்மர் இருக்கட்டும்," என்றாள் ட்வைலா. "துப்பாக்கி வேண்டாம்."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். "அப்ப எதை வச்சுக் காப்பாத்துவாரு, காப்பியை வச்சா?" கூடமே சிரித்தது. டெல்மர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். எழுந்து ஒரு வார்த்தை சொல்வதற்கு அதுதான் இடம். ட்வைலா காத்திருந்தாள். அவர் முழங்கால்கூட ஒருமுறை அசைந்த மாதிரி இருந்தது. ஓப்பல் அவர் கையைத் தட்டிக் கொடுத்தாள், எதற்கென்று தெரியாமலே.

"தீர்மானத்துல அப்படி இல்லம்மா," என்றார் ராய்ஸ். "ஆயுதம் தாங்கிய காவலர்னு அச்சடிச்சிருக்கு. ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லை. நடுவுல ஒண்ணும் கிடையாது."

ட்வைலா ஓப்பலின் உதட்டுச் சாயத்தைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள்.

கைதட்டல். யாரோ விசில் அடித்தார்கள். வேண்டாம் என்ற இருவரும் அவளைப் பார்த்த பார்வையில், ஒரு வருஷமாகக் கேட்ட "ம்ம்" எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்பது தெரிந்தது. அவர்களில் ஒருத்தி இப்போது முடி வெட்டிக்கொள்ளப் பக்கத்து நகரமான ஏதென்ஸ் வரை கார் ஓட்டுகிறாள்.

கூட்டம் கலைந்து, வண்டிகள் நிற்கும் இடத்தில் டெல்மர் அவளைப் பிடித்தார். சக்கர நாற்காலியை மடித்து டிரக்கின் பின்னால் போட்டுவிட்டு வந்திருந்தார், மூச்சு வாங்கியது.

"நீ காப்பாத்தினே. நான் எழுந்திருக்கல."

"பார்த்தேன்."

"ஒரு முடிவுக்கு வர்றேன் ட்வைலா. ரெண்டுல ஒண்ணு. நிஜத்தை மாட்டறதா, ரப்பரோட இருந்துடறதா. எதுவானாலும் உன்கிட்ட சொல்லிடறேன். உன் பொண்ணு இருக்கிற இடம், உனக்குத் தெரியணும். சனிக்கிழமை கடைக்கு வர்றேன். முடி வெட்டிக்கறேன், அப்பவே சொல்றேன்." நோட்டு ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார். "இது வெட்டுக்கு. முன்பணம். வராம இருக்கக்கூடாதுல்ல, அதுக்கு."

அந்தச் சனிக்கிழமை அவர் வரவில்லை. ஓப்பலுக்கு முடியவில்லை என்று பெவ் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை பனி. அதற்கடுத்த சனிக்கிழமைக்கு ஒரு காரணமும் வரவில்லை.

தினமும் காலையில் ட்வைலா காரை வரிசையில் நிறுத்துகிறாள். பள்ளி வாசலில் டெல்மர் கோப்பையோடு நின்று, ஒவ்வொரு வண்டியாகக் கை காட்டி அனுப்புகிறார். ரெமி இறங்கி ஓடுகிறாள். டெல்மர் வலது கையை இறக்கி உறையின் மேல் வைத்துக்கொண்டு, இடது பக்கமாகக் குனிந்து அவளை வாங்கிக்கொள்கிறார். நிஜம் வைத்திருப்பவனும் அப்படித்தான் கை வைப்பான். ரப்பர் வைத்திருப்பவனும் அப்படித்தான் வைப்பான். பின்னால் இருக்கும் வண்டி ஹாரன் அடிக்கும்வரை ட்வைலா பார்த்துக்கொண்டே இருக்கிறாள். டெல்மர் அவள் கண்ணை மட்டும் பார்ப்பதில்லை.

அவர் பின்னங்கழுத்து முடி காலரைத் தொட்டுவிட்டது. ஊரில் வேறு யாரிடமும் அவர் வெட்டிக்கொள்ளவும் இல்லை. அவர் கொடுத்த நோட்டு, சீப்புகளை முக்கி வைத்த ஜாடியின் அடியில் இருக்கிறது. அதை இன்னும் கல்லாவில் போட அவளுக்கு மனம் வரவில்லை.